ஜாடை

கரோல் பாக், புது தில்லி
கார்த்திகை மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் முன்போலத்தான் இருக்கிறது. படி ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். தீபாவளிக்கு முந்திய வாரம் நாங்கள் அனுப்பிய பொட்டலத்தில் பட்சண டப்பாவுக்கு அடியில் டைட்டானியம் ஒயிட் என்ற வெள்ளை வண்ணத்தின் பெரிய குழாய் ஒன்றை வைத்திருந்தேன். பட்சணம் வந்து சேர்ந்ததென்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். குழாயைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதைக் கேட்பதற்காகத்தான் நான்கு முறை அழைத்தேன்.

இங்கே புகை மூட்டத்தில் ஜன்னலைத் திறக்க வழியில்லை. மூடிய அறையில் டர்பன்டைனை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பதால் இந்த மாதம் முழுவதும் கரித்துண்டும் தாளுமாகத்தான் கழிகிறது. பெங்களூரில் உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை உனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அப்படியொன்று அமைவதற்கு ஐம்பது வயதாயிற்று. தினமும் அரை மணி நேரமாவது கோடு போடு. படம் வரைய வேண்டாம், கோடு மட்டும் போடு. அலுவலகம் விட்டு வந்த களைப்பில் முடியாது என்பாய். சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் 1966ஆம் ஆண்டு ஓவியர் பணிக்கருடன் போய்க் குடியேறியவர்கள் பாத்திக் துணி செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டுதான் படம் வரைந்தார்கள். நானும் சர்க்கார் அலுவலகத்தில் பகலெல்லாம் சுவரொட்டி எழுதிவிட்டு இரவில்தான் என் வேலையைப் பார்த்தேன். கோடு மட்டும் போடு, போதும்.

கேலரி உனக்கு அனுப்பிய பதிலைத் தம்பி எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் வற்புறுத்தினேன். கைத்தேர்ச்சி தெரிகிறது, ஆனால் முந்தைய தலைமுறை ஓவியர் ஒருவரின் தாக்கத்திலிருந்து இவர் இன்னும் விடுபடவில்லை என்று எழுதியிருந்தார்களாம். அந்த ஓவியர் யார் என்று அவர்கள் எழுதவில்லை. நீயும் நானும் அதைப் பேசிக்கொள்ளவும் இல்லை.

நீ பிறந்தபோது பெரியம்மா தொட்டிலை எட்டிப் பார்த்து, "அப்படியே அப்பன் ஜாடை" என்றாள். அதை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை, சர்க்கரைதான் கொடுத்தார்கள். முகத்தில் இருந்தால் கொண்டாடுகிற ஜாடையைப் படத்தில் இருந்தால் மட்டும் குற்றமாக்குவது ஏன் என்று இந்த இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தாத்தாவின் தஞ்சாவூர் ஓவியப் பட்டறையில் தாக்கம் என்ற பேச்சே இருந்ததில்லை. பலாப்பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, சுக்கான் பூசித் தேய்த்து, மூலப்படத்தைப் படியெடுத்து, மக்கு வைத்து, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டுவது வரை எல்லாமே அவருடைய அப்பா செய்த மாதிரியேதான் செய்ய வேண்டும். பதினான்கு வயதில் நான் வெண்ணெய்க் கிருஷ்ணனின் கண்ணைச் சற்றுக் கீழே பார்க்கும்படி எழுதிவிட்டேன். அவர் திட்டவில்லை. நீ எழுதியது உன் கண், சுவாமியின் கண்ணை எழுது என்று மட்டும் சொன்னார். அன்று எனக்கு அழுகையாக வந்தது. இன்று யோசித்தால், கேலரிக்காரர்கள் உன்னிடம் கேட்பதற்கு நேர்மாறான ஒன்றை அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இரண்டு பேருமே கையில் பிரஷ் பிடித்தவரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒருவர் பாடும் தோடியில் அவருடைய குருவின் பாடாந்தரம் கேட்டால் சபை தலையாட்டுகிறது. ஓவியர் வான்கா 1889இல் பிரான்ஸில் செய்ன்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, தனக்கு முந்தைய ஓவியர் மில்லேயின் உழவர் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வரைந்தார். அவருக்குக் கிடைத்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். நிறம் முழுவதும் அவரே போட்டது. பிறர் எழுதிய இசையை வாத்தியக்காரர் வாசிப்பதுபோலத்தான் இது என்று தன் தம்பி தியோவுக்கு எழுதினார். அந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு மில்லேயும் தெரிகிறார், வான்காவும் தெரிகிறார், ஒருவரால் மற்றவர் மறைந்துபோகவில்லை.

நான் 1983இல் கும்பகோணத்துப் படிப்பை முடித்துக்கொண்டு தில்லிக்கு வந்த இரண்டாம் வாரம் ஜெய்ப்பூர் ஹவுஸுக்குப் போனேன். அங்குள்ள நவீனக் கலைக்கூடத்தில் ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் அத்தனை படங்களை ஒரே இடத்தில் பார்த்த அன்று மதியம் சாப்பிடவில்லை, பசியும் தெரியவில்லை. உன்னை எட்டு வயதில் அங்கே அழைத்துப் போனபோது, பிரம்மச்சாரிகள் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, இந்த மாமாக்களின் வேட்டி எல்லாம் வேறு வேறு வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்டாய். ஐந்து பேர், ஐந்து வேட்டி. ஒன்றில் பச்சை ஓடுகிறது, ஒன்றில் ஊதா, ஒன்றில் மஞ்சள். எனக்கு அது பிடிபட நான்கு வருடம் ஆயிற்று. உனக்கு ஒரு மதியம்தான் ஆயிற்று. அன்று நான் அடைந்த பெருமையை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பேருந்து போய்விடும், எழுந்திரு என்றுதான் சொன்னேன்.

நான் முதன்முதலில் அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ஆறு வருடம் நான் வரைந்த பெண்கள் அனைவரும் அம்ரிதாவின் பெண்களைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, பேசாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மாவை வரைந்தால்கூட அவள் சிம்லா மலைப் பெண்ணாக மாறிவிடுவாள். அந்தக் காலத்துப் படங்களை நீ மேல் அறையில் பார்த்திருக்கிறாய்.

அம்ரிதாவும் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்தான். பாரிஸில் படித்தவர், பிரெஞ்சு ஓவியர் கோகினிடம் மனதைப் பறிகொடுத்தவர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் தெற்கே புறப்பட்டு, அஜந்தாவையும் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களையும் பார்த்துவிட்டு, கன்னியாகுமரிவரை போய்த் திரும்பி, 1937இல் அந்தப் பிரம்மச்சாரிகளையும், மணப்பெண்ணின் அலங்காரத்தையும், சந்தைக்குப் போகும் தென்னிந்தியரையும் வரைந்தார். கோகின் அங்கே காணாமல் போய்விடவில்லை; அஜந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆகையால் ஒரு தாக்கத்திலிருந்து விடுபடுவது என்று அவர்கள் எழுதியிருப்பதே சரியான சொல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று வந்து சேர வேண்டும். அது வருவதற்கு நீ வெளியே போய்ப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு வந்து கோடு போட வேண்டும்.

அதே அம்ரிதா 1935இல் சிம்லா கண்காட்சிக்குப் பத்துப் படங்களை அனுப்பினார். ஐந்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, எடுத்துக்கொண்டவற்றில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசை வேண்டாமென்று மறுத்துவிட்டார். அப்போது வயது இருபத்திரண்டு. அந்தத் துணிவு எனக்கு வரவில்லை. பரிசை மறுக்கும் நிலைமையும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

நான் 1985 முதல் 1990 வரை ஐந்து முறை அந்த அகில இந்தியக் கண்காட்சிக்கு அனுப்பி, ஐந்து முறையும் திரும்பி வந்தது. திரும்பி வந்தது என்றால் தானாக வராது. நாம்தான் போய் எடுத்துவர வேண்டும். கேன்வாஸின் முதுகில் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். நான்கு அடி அகலப் படத்தை நடத்துனர் பேருந்தில் ஏற்ற மாட்டார், ஆட்டோவுக்குக் காசு இருக்காது. மண்டி ஹவுஸிலிருந்து கரோல் பாக் வரை தலையில் வைத்தும் இடுப்பில் இடுக்கியும் நடந்தே வந்திருக்கிறேன். அம்மா கதவைத் திறப்பாள், படத்தைப் பார்ப்பாள், அதை வாங்கிக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் சோறு போடுவாள். வராதே என்று சொன்ன படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கவே கூடாது என்பது அவள் வகுத்த சட்டம். ஒரு மண்டலம் அது கூடத்தில் இருக்க வேண்டும். அதற்குள் அதைத் தொட்டுத் திருத்தவும் கூடாது. மண்டலம் கழித்துப் பார்த்தால் தேர்வுக் குழு சொன்னது பாதி மறந்திருக்கும், படத்தில் நாமே செய்த தவறு மட்டும் தெரியும். என் ஆரம்பகாலப் படங்கள் சிலவற்றில் நான் ஜிங்க் ஒயிட்டை அள்ளி அப்பியதால் மேல்பூச்சு வெடித்துப் பாளம் பாளமாகப் போயிருக்கிறது. அதையெல்லாம் எந்தக் குழுவும் எனக்குச் சொல்லவில்லை, கூடத்துச் சுவர்தான் சொன்னது. அதனால்தான் உனக்கு டைட்டானியம் அனுப்பினேன். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்கட்டும். இதை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், இதையும் சேர்த்துக்கொள்.

ஒரே ஒரு முறை அம்மாவின் சட்டத்தை மீறினேன். பெரியம்மா வீட்டு முற்றத்துப் படம் திரும்பி வந்த இரவே கத்தியால் சுரண்டி, அதன்மேல் வேறொன்றை வரைந்தேன். மேலே வரைந்தது என்னவென்று இப்போது நினைவில்லை. அந்த முற்றம் மட்டும் நினைவில் இருக்கிறது. வீடும் விற்றாகிவிட்டது, உனக்குத் தெரியும். நீ எதையும் சுரண்டிவிடவில்லையே? கேன்வாஸை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவில்லையே?

பிரெஞ்சு ஓவியர் செசானின் கதையை நீ சின்னவளாக இருந்தபோது படங்களைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். பாரிஸ் சலோன் என்ற பெரிய கண்காட்சிக்கு வருடம் தவறாமல் அனுப்பி வருடம் தவறாமல் தள்ளப்பட்டவர். 1882இல் ஒரே ஒரு முறை, அதுவும் தேர்வுக் குழுவில் இருந்த நண்பரின் மாணவர் என்ற கணக்கில், உள்ளே விட்டார்கள். முதல் தனிக் கண்காட்சி 1895இல் நடந்தபோது வயது ஐம்பத்தாறு. இதை உனக்கு ஆறுதலாகத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் இரண்டு நாட்களாக வேறொரு படம் என்னை உறுத்துகிறது. 1866இல் அவர் தன் தந்தையைப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்து, செய்தித்தாள் படிப்பதுபோல வரைந்தார். வங்கி நடத்திய அந்தத் தந்தைக்கு மகன் ஓவியனாவதில் விருப்பம் இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்னப் படம் தொங்குகிறது. அது மகனே வரைந்த அசைவற்ற பொருள்களின் படம். தந்தை செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகனின் படம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

பாப்பா, இதற்கு மேல் சுற்றி வளைக்க என்னால் முடியவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு நான் ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன். அந்தக் கண்காட்சிக்கு நீ அனுப்பியிருந்தது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. முதல் சுற்றில் பெயர் கிடையாது, திரையில் எண்ணும் படமும் மட்டும் வரும். 214ஆம் எண் வந்தது. மொட்டை மாடிக் கொடியில் உலரும் வேட்டிகள், பின்னால் தண்ணீர்த் தொட்டி, நம் பழைய மாடிதான். அடியில் காவிப் பூச்சு போட்டு, அது வெள்ளைக்குள்ளிருந்து ஆங்காங்கே எட்டிப் பார்க்கும்படி விட்டிருந்தாய். திரையில் வந்த அந்த நொடியிலேயே அது உன் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இது எனக்கு வேண்டியவர் படம் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். அதுதான் முறை. நான் எழவில்லை. ஐந்து பேரில் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். மூன்று பேர் தூக்கினால்தான் அடுத்த சுற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரோ ஒருவர் கையைப் பார்த்து வரைந்ததாகத் தெரிகிறது என்று சொன்னேன். படம் தள்ளப்பட்டது. மதியம் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடவும் சாப்பிட்டேன்.

மகளைத் தூக்கிவிட்டான் என்று பேசுவார்களே என்ற பயம்தான் காரணம் என்று வெகு நாள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேட்டிகளில் இருந்த வெள்ளை, நான் முப்பது வருடமாகத் தொட முயன்று தொடாத வெள்ளை. என் காவியை எடுத்துக்கொண்டு நான் போகாத இடத்துக்கு நீ போயிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம் அல்ல. ஒரு தகப்பன் இதை எழுத வேண்டியிருப்பது கேவலம், இருந்தாலும் எழுதுகிறேன். கேலரி உனக்கு எழுதிய அந்த வரியைத் தம்பி வாசித்தபோது, என் வாக்கியத்தையே வேறொருவர் எழுதிவிட்டதைப்போல இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காவி என்னுடையதே அல்ல. பாட்டி மார்கழியில் வாசலில் மாக்கோலம் போட்டுச் சுற்றிலும் காவி கட்டுவாள். சில நாள் அவசரத்தில் முழுத் தரையிலும் செம்மண்ணை மெழுகிவிட்டு, அது காய்வதற்குள் அதன் மேலேயே மாவை இழைப்பாள். ஈரச் செம்மண் வெள்ளைக்குள் ஊறி வரும். அதைப் பார்த்துத்தான் நான் கேன்வாஸில் காவியைப் பூசத் தொடங்கினேன். என் படங்களுக்கு எழுதிய குறிப்பு எதிலும் பாட்டியின் பெயரை நான் சொன்னதில்லை. ஷெர்கில் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அஜந்தாவைச் சொல்லியிருக்கிறேன். பாட்டியிடமிருந்து எடுத்ததை எனதென்று வைத்துக்கொண்டு, நீ அதை எடுத்தபோது மட்டும் பார்த்து வரைந்தது என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் நேற்று இரவுதான் இதைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேஜையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். இதை முடித்ததும் அவளே தபாலில் சேர்ப்பாளாம், நான் மனம் மாறிவிடுவேனாம்.

ஈஸல் பரண் மேல் போய்விட்டது என்று தம்பி சொன்னான். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை விட்டுவிட்டு உன்னிடமே கேட்கிறேன். எப்போதிலிருந்து? கேலரியின் பதில் வந்த பிறகா, அல்லது மூன்று வருடங்களாகவேவா? மூன்று வருடம் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. கோபமாக எழுதினாலும் சரி. தொலைபேசியில் பேச வேண்டாம்; உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

பொங்கல் கழிந்த வாரம் கர்நாடகா எக்ஸ்பிரஸில் எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீ வேண்டாமென்றால் ரத்து செய்துவிடுகிறேன். வரலாம் என்றால், 214ஆம் எண் படம் உன்னிடம் இன்னும் இருந்தால், அதைச் சுவரில் மாட்டி வை. திரையில் சில நொடிகள்தான் பார்த்தேன், அதுவும் பார்க்கக் கூடாத முறையில் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், எதிரே தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெள்ளைக் குழாயின் மூடி இறுகிப்போயிருந்தால் சின்ன வயதில் செய்ததுபோலப் பல்லால் கடித்துத் திறக்காதே. வெந்நீரில் சற்று நேரம் வைத்திரு, தானே இளகிவிடும்.

அன்புடன்,
அப்பா